சபையில் யாருக்கும் தாகமில்லை

காலை ஆறு மணிக்கு, வழக்கம்போல, மாதரசியை ஓர் எந்திரம் அறைந்தது. முதுகில் நான்கு, தோளில் இரண்டு, பிடரியில் ஒன்று. அப்புறம் கீழிருந்து ஊதியது, மேலிருந்து உறிஞ்சியது. அதற்கு 'உதறி' என்று பெயர். நிலாவின் மேற்பரப்பில் வேலை பார்ப்பவர்கள் மீது ஒட்டும் தூசியை எடுக்க ஒரு தடவை உதறினால் போதும் என்று அதன் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. மாதரசியை மூன்று தடவை உதறினார்கள். கேட்டால் சுகாதாரம் என்பார்கள். சாதியா? சேச்சே, அதையெல்லாம் பூமியிலேயே இறக்கி வைத்துவிட்டுத்தானே கப்பல் ஏறினோம் என்பார்கள்.

தூசி பொல்லாததுதான், மறுக்கவில்லை. கண்ணாடித் தூள்போலக் குத்தும், நுரையீரலுக்கு ஆகாது, தீபாவளிக்கு மறுநாள் தெருவில் அடிக்கும் வாடை அடிக்கும். ஆனால் அந்தத் தூசியை மேலே போய்ச் சூரியப் பலகைகளிலிருந்து துடைத்துவிடுகிறவர்கள் இருப்பதால்தான் கீழே விளக்கு எரிகிறது. மாதரசி பலகை துடைப்போர் அணியின் தலைவி. வயது முப்பத்தொன்பது. எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

இந்தக் குடியிருப்புக்குப் புதுவெளி என்று பெயர். நிலாவின் தென்முனையில் பாறைக்குள் குடைந்த ஊர். இங்கே ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் குழம்பிப் போவீர்கள். பூமியில் மேல் என்றால் உசத்தி. இங்கே தலைகீழ். நிலாவுக்குக் காற்றுப் போர்வை கிடையாது. சூரியன் சீறினால் விண்கதிர் நேராக வந்து இறங்கும். எத்தனை ஆழத்தில் இருக்கிறோமோ அத்தனை பத்திரம். முதல் கப்பலில் வந்தவர்கள் ஆழத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த கப்பல்களில் வந்தவர்களுக்கு மேல்தளம்தான் மிஞ்சியது. நாற்பத்து நான்கு வருஷத்தில் 'மேல்' என்பது வசவாகிவிட்டது. 'மேல்தளத்துப் புத்தியைக் காட்டிட்டான் பார்' என்றால் அடிதடி நடக்கும்.

யார் எந்தத் தளம் என்று நேரடியாகக் கேட்பது அநாகரிகம். அதனால் வேறொரு கேள்வி வைத்திருந்தார்கள். மேல்தளத்தில் காற்றழுத்தம் குறைவு, கசிவு குறையுமே என்று. அங்கிருந்து கீழே வருகிறவர்களுக்குக் காது அடைக்கும், எச்சில் விழுங்குவார்கள். ஆகவே ஆழத்தில் யாராவது புது முகத்தைப் பார்த்தால் ரொம்ப அக்கறையாகக் கேட்பார்கள்: "காது அடைக்குதா?"

அன்றைக்குத் தேர்தல் அலுவலக எழுத்தரும் அதையேதான் கேட்டார்.

"காது நல்லாத்தான் இருக்கு. மனுவ வாங்குங்க," என்றாள் மாதரசி.

எழுத்தர் மனுவை விரல் நுனியால் திருப்பிப் பார்த்தார். "தலைவர் பதவிக்கா? ஏம்மா, இது கீழ்த்தட்டுக்கு ஒதுக்கின இடம். நீ மேல்தளம். சட்டம் தெரியாதா?"

சட்டம் மாதரசிக்குத் தெரியும். புதுவெளியின் சாசனத்தைப் பூமியில் ஒரு குழு எழுதியபோது ஒரு மனிதரின் எழுத்துகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினார்கள். சாதியை ஒழிக்க ஆயுசு முழுக்கப் போராடி, ஒரு பெரிய நாட்டுக்கே சட்டம் வகுத்தவர். எந்தச் சிலையிலும் கோட்டுப் போட்டிருப்பதால் புதுவெளியில் அவரைக் கோட்டய்யா என்பார்கள். சாசனத்தின் ஏழாம் பிரிவு: 'முதல் நூறு ஆண்டுகளுக்குத் தலைவர் பதவி கீழ்த்தட்டினர்க்கே ஒதுக்கப்படும்.' நல்ல எண்ணத்தோடுதான் எழுதினார்கள் பாவம். நிலாவில் எது கீழ் என்று யோசிக்கவில்லை.

முதல் தேர்தலிலேயே ஆழத்துக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். தட்டு என்றால் என்ன, தளம் என்றால் என்ன, எல்லாம் ஒன்றுதானே? நாங்கள்தானே கீழ்த்தளம்? உடனே 'கீழோர் சான்றிதழ்' அச்சாகியது. ஓட்டு எல்லாருக்கும் உண்டு, நிற்கும் உரிமை கீழோர்க்கு மட்டும். இப்போதைய தலைவர் பரஞ்சோதி நான்கு முறை ஜெயித்தவர். மேடையில் தழுதழுத்த குரலில், "காலங்காலமாகக் கீழே கிடக்கும் எங்கள் மக்கள்" என்று ஆரம்பிப்பார். கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். அவர் வீடு நிலாவிலேயே ஆழமான வீடு.

எதிர்த்து யாராவது வாய் திறந்தால், ஒதுக்கீட்டையே எதிர்க்கிறாயா, கோட்டய்யாவுக்கே துரோகமா என்று பாய்வார்கள். என்ன சொல்ல!

மாதரசிக்குப் பதவி ஆசை கிடையாது. அவளுக்கு வேண்டியது ஒரு கதவு.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் சூரியப் புயல் வந்தது. எச்சரிக்கை மணி அடித்ததும் மேல்தளத்து அறுநூறு பேரும் ஆழத்துப் புகலறைக்கு ஓடினார்கள். வாசலில் உதறி நின்றது. புயலானாலும் உதறாமல் உள்ளே விடக்கூடாது என்பது தலைவர் போட்ட விதி. ஆளுக்கு மூன்று தடவை. வரிசை நகரவே இல்லை. மாதரசியின் தங்கை பவளம் வரிசையின் கடைசியில், ஒரு கிழவரைத் தனக்கு முன்னால் விட்டுவிட்டு, நான்கு மணி நேரம் கதிரில் நின்றாள். எட்டு மாதம் கழித்துப் போய்ச் சேர்ந்தாள். சூரியனுக்குப் பதினொரு வருஷத்துக்கு ஒரு முறை வெறி ஏறும். இந்த வருஷம் மறுபடி ஏறுகிறது. அந்த விதியை மாற்றத் தலைவரால் மட்டும்தான் முடியும். மாற்றச் சொல்லி ஏழு மனு கொடுத்தாள். ஏழுக்கும் 'சுகாதாரக் குழுவின் பரிசீலனையில்' என்று பதில் வந்தது.

"மனுவத் தள்ளுபடி பண்ணுறீங்கன்னா எழுதிக் குடுங்க," என்றாள் எழுத்தரிடம். "நான் நெறியன்கிட்ட போறேன்."

நெறியன் சாசனத்துக்கு விளக்கம் சொல்லும் எந்திரம். கோட்டய்யா எழுதியது, பேசியது அத்தனையும் அதற்கு மனப்பாடம். நாற்பத்து நான்கு வருஷமாக அதனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார்கள்: சான்றிதழ் செல்லுமா? முத்திரை சரியாக இருக்கிறது, செல்லும் என்று அதுவும் சொல்லிவந்தது. வேறு கேள்வி கேட்க ஆழத்துச் சபைக்கு நேரில் வரவேண்டும். அதற்கு எழுத்துமூலம் ஒரு தள்ளுபடி வேண்டும். இதுவரை எல்லாரையும் வாய்மொழியாகவே விரட்டிவிட்டார்கள். அன்றைக்கு அந்த எழுத்தர் எரிச்சலில் எழுதிக் கொடுத்துவிட்டார். மனுஷர் செய்த ஒரே நல்ல காரியம் அது.

மூன்றாம் நாள் சபை கூடியது. ஆழத்திலிருந்து முன்னூறு பேர் வந்து நிறைந்திருந்தார்கள். மேல்தளத்திலிருந்து மாதரசிக்கும் அவள் கணவன் இன்பராசுக்கும் மட்டும் அனுமதி. சபையின் நடுவே கோட்டய்யாவின் சிலை நின்றது. மாதரசி அதை நிதானமாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஆளுயரக் கண்ணாடிக் கூண்டுக்குள், கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"எதுக்குக் கூண்டு?" என்று இன்பராசு அங்கிருந்த காவலரிடம் கேட்டான்.

"பாதுகாப்புக்கு."

"அவருக்கா?"

சிலையை நிலாத் தூசியைச் சுட்டு இறுக்கித்தான் செய்திருந்தார்கள். பூமியிலிருந்து கல்லா வரும்? அவர் மேலிருந்து தூசி உதிரக்கூடாதே என்றுதான் கூண்டு. மாதரசிக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

"கீழோர் ஒற்றுமை ஓங்குக!" என்று பின்வரிசையில் கோஷம் போட்டார்கள். பரஞ்சோதி கையமர்த்தினார். மினுமினுவென்று துடைத்து வைத்த முகம், தூசியே கண்டறியாத வெள்ளை உடை.

நெறியனின் குரல் கூரையிலிருந்து வந்தது. "மனுதாரர் கேள்வியைச் சொல்லலாம்."

"ஒரே கேள்விதான்," என்றாள் மாதரசி. "கோட்டய்யா கணக்குல கீழ்னா என்னா? எத்தன அடி ஆழம்?"

சபையில் சலசலப்பு. நெறியன் மூன்று விநாடி எடுத்துக்கொண்டது. எந்திரத்துக்கு அது பெரிய யோசனை.

"அவர் கீழ் என்பதை அடிக்கணக்கில் சொல்லவில்லை. ஒருவரோடு சேர்ந்து உண்ணவும் பழகவும் இன்னொருவர் மறுத்தால், மறுக்கப்பட்டவர் கீழே தள்ளப்பட்டவர். மக்களாட்சி என்பதை அவர் ஓட்டுப் பெட்டியோடு நிறுத்தவில்லை. பக்கத்தில் இருப்பவரை மதித்து, கலந்து வாழும் வாழ்க்கைக்குத்தான் அந்தப் பெயரைக் கொடுத்தார். ஓட்டில் சமம், வாழ்க்கையில் பேதம் என்று ஒரு நாடு நெடுநாள் நிற்காது என்பது அவர் எச்சரிக்கை."

"இத ஏன் இத்தன வருஷமா சொல்லல?"

"இதுவரை யாரும் கேட்கவில்லை."

பரஞ்சோதி எழுந்தார். "அதெல்லாம் பூமியில. இங்க யாரு யாரை மறுக்குறா? நாங்க எல்லாரையும் மதிக்கிறோம். தினமும் இவங்க ஆளுங்க நம்ம உணவகத்துல வேலை முடிஞ்சு தண்ணி குடிக்கலையா?"

"குடிக்கிறோம் சார்," என்றாள் மாதரசி. "எங்களுக்குப் பையில. உங்களுக்கு டம்ளர்ல."

இது புதுவெளியின் பழைய வழக்கம். ஆழத்துக்காரர்களுக்குப் பூமியிலிருந்து வந்த எவர்சில்வர் டம்ளர். மேல்தளத்தாருக்கு உறிஞ்சிவிட்டு எறியும் தண்ணீர்ப் பை. நம் ஊரிலே சிலர் செய்வதுபோல டம்ளரைத் தூக்கி, உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளும் வித்தை நிலாவில் பலிக்காது. இங்கே தண்ணீர் ஆடி அசைந்து சோம்பலாக இறங்கும், தொண்டைக்குப் போகாமல் மூக்குக்குப் போகும். டம்ளர் என்றால் வாய் வைத்துத்தான் குடித்தாக வேண்டும். ஆகவே டம்ளர் தனி.

மாதரசி மேசையிலிருந்த டம்ளர் ஒன்றை எடுத்தாள். காவலர் 'ஏய்' என்பதற்குள் ஒரு வாய் குடித்தாள். மிச்சத்தைப் பரஞ்சோதியின் முன்னால் வைத்தாள்.

"இந்தாங்க சார். இதக் குடிச்சிட்டீங்கன்னா மேலும் இல்ல, கீழும் இல்ல, எல்லாரும் ஒண்ணு. அப்ப ஒதுக்கீடே தேவையில்ல, யார் வேணா நிக்கலாம், நானும் நிப்பேன். குடிக்கலைன்னா யார் கீழ்னு நெறியனே சொல்லட்டும்."

பரஞ்சோதி டம்ளரைப் பார்த்தார். விளிம்பில் அவள் உதட்டின் ஈரம் தெரிந்தது.

"தூசி..." என்று ஆரம்பித்தார்.

"மூணு தடவ உதறினீங்களே. உங்க உதறி வேலை செய்யலன்னு சொல்லுறீங்களா? எழுதிக் குடுங்க, இன்னைக்கே தூக்கிக் கடாசிடலாம்."

பரஞ்சோதி அரசியல்வாதி. சட்டென்று ஒரு வழி கண்டுபிடித்தார். புன்னகைத்தார். "குடிக்கறதுக்கு என்னம்மா, தாராளமா குடிப்பேன். எனக்கு இப்ப தாகம் இல்ல."

"தாகம் உள்ள வேறு எவரேனும் குடிக்கலாம்," என்றது நெறியன்.

டம்ளர் முதல் வரிசைக்குப் போனது. முதல் ஆள், இப்போதுதான் குடித்தேன் என்றார். இரண்டாமவர் விரதம் என்றார். ஒரு ஆசிரியர், தண்ணீர் அதிகம் குடிப்பது சிறுநீரகத்துக்கு நல்லதல்ல என்று விளக்கினார். ஒரு பெண்மணி மாதரசியைப் பார்த்து, உண்மையாகவே வருத்தப்பட்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள், ஆனால் டம்ளரைத் தொடவில்லை. கை மாறவும் இல்லை டம்ளர். யாரும் தொடாததால் காவலருக்கான சின்ன எந்திரவண்டி அதை வரிசை வரிசையாகச் சுமந்துகொண்டு போயிற்று. முன்னூறு பேரையும் சுற்றிவிட்டு அதே அளவு தண்ணீரோடு திரும்பி வந்தது.

"பதிவு செய்கிறேன்," என்றது நெறியன். "சபையில் யாருக்கும் தாகமில்லை. மனுதாரர் கீழோர் என்பது நிரூபணம். மனு ஏற்கப்பட்டது."

இன்பராசு விசில் அடித்துவிட்டான்.

தேர்தலில் மேல்தளத்து ஓட்டு மொத்தமும் மாதரசிக்கு விழுந்தது. ஆழத்திலிருந்தும் இருபத்தாறு ஓட்டு வந்தது. ரகசிய ஓட்டு என்றால் சிலருக்குத் தாகம் எடுக்கும்போலிருக்கிறது.

பதவி ஏற்கப் போன அன்று தலைவர் நாற்காலி அறையில் இல்லை. பழுதுபார்க்கப் போயிருக்கிறது என்றார் எழுத்தர். நாற்காலியில் பழுதாக என்ன இருக்கிறது, நான்கு காலும் ஒரு முதுகும்தானே! மாதரசி தன் துடைப்புப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தாள்.

"அவமானமா இல்லியா?" என்று இன்பராசு கோபத்தில் கேட்டான்.

"நாற்காலிய ஒளிச்சு வச்சவனுக்குத்தான் அவமானம். எனக்கென்ன? கையெழுத்து போட மேசை இருக்கு."

முதல் கையெழுத்து கதவுக்கு. புயல் மணி அடித்தால் புகலறைக் கதவு திறந்தே இருக்கும், உதறி நிறுத்தப்படும், எல்லாரும் உள்ளே. போட்டுவிட்டு, பவளத்தின் பெயரைச் சொல்லிக் கொஞ்ச நேரம் அழுதாள்.

பத்தொன்பதாம் நாள், மதியச் சாப்பாட்டு வேளையில் மணி அடித்தது. சூரியன் சீறிவிட்டது, கதிர் வந்து சேர அரைமணி ஆகும் என்றது நெறியன். மேல்தளத்து அறுநூறு பேரும் தட்டைப் போட்டது போட்டபடி இறங்கினார்கள். கதவு அகலத் திறந்திருந்தது. பதினொரே நிமிடத்தில் கடைசி ஆளும் உள்ளே. சபைக்கூடம்தான் புகலறை. இடம் போதவில்லை என்று மாதரசி கோட்டய்யாவின் கண்ணாடிக் கூண்டைக் கழற்றிச் சுவரோரம் சாத்தச் சொன்னாள். பிள்ளைகள் சிலையின் காலடியில் உட்கார்ந்துகொண்டார்கள். எல்லார் மேலும் தூசி, எல்லார் பக்கத்திலும் ஆள்.

ஆழத்துக்காரர்கள் முதலில் சுவரோடு ஒட்டினார்கள். அப்புறம் மூக்கைப் பொத்தினார்கள். பரஞ்சோதி கைக்குட்டையால் முகத்தை விசிறிக்கொண்டார்.

"ரொம்ப நெருக்கடியா இருக்கு. சுகாதாரம்னு ஒண்ணு வேணாமா? நாம சித்த நேரம் வெளிய காத்தாட நின்னுட்டு வருவோம்," என்றார்.

நிலாவில் காத்தாட!

அவர் பின்னால் நாற்பது பேர் போனார்கள். மேல்தளம் காலியாகக் கிடந்தது அல்லவா, அங்கே ஏறிவிட்டார்கள். வாசலில் நின்ற இன்பராசு கத்தினான். "சார், மேல போகாதீங்க! கதிர் வருது சார்! செத்துருவீங்க!" யாரும் திரும்பவில்லை. தூசிக்குப் பக்கத்தில் உட்கார்வதைவிடக் கதிரே மேல் என்று நினைத்தார்களோ என்னவோ.

மாதரசி படியேறி, மேல்தளத்துக்கும் ஆழத்துக்கும் இடையிலிருந்த நடுக்கதவு வரை ஓடினாள். ஒலிபெருக்கியைப் பிடித்தாள். "இறங்கி வாங்க! தலைவரா உத்தரவு போடறேன், இறங்கி வாங்க!"

"கொஞ்ச நேரம்தானம்மா," என்று பரஞ்சோதியின் குரல் மேலிருந்து வந்தது.

"கொஞ்ச நேரமா? என் தங்கச்சி நாலு மணி நேரம் உள்ள வர முடியாம செத்தாய்யா! திறந்திருக்கற கதவ விட்டுட்டு நீங்க வெளிய போய்ச் சாகறீங்களே, உங்களுக்கெல்லாம் அறிவே கிடையாதா!"

யாரும் இறங்கவில்லை. கதிர் வர ஏழு நிமிடம் என்றது நெறியன். மாதரசி கண்ணைத் துடைத்தாள். இவர்களுக்கு உயிர் பயம் வேலைக்காகாது. வேறு பயம் வேண்டும். சட்டென்று புரிந்தது.

"நெறியா," என்றாள், ஒலிபெருக்கியை அணைக்காமலே. "இப்ப மேல்தளத்துல இருக்கறவங்க பேரையெல்லாம் எடு. இந்த நிமிஷத்துலேருந்து அவங்க மேல்தளத்தார்னு பதிவேட்டுல ஏத்து. அவங்க பிள்ளைங்களையும் சேர்த்து."

"சாசனப்படி இருப்பிடமே தளம். பதிவு தொடங்குகிறது," என்றது நெறியன் தன் சாந்தமான குரலில். "முதல் பெயர்: பரஞ்சோதி, மேல்..."

படிகளில் தடதடவென்று சத்தம் கேட்டது. நிலாவில் எடை ஆறில் ஒரு பங்குதான், ஓடினால் தாவித் தாவிப் பறப்பார்கள். நாற்பது பேரும் கூரையில் தலை இடிக்க, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, நடுக்கதவைத் தாண்டி உள்ளே வந்து கொட்டினார்கள். விண்கதிர்கூட அவ்வளவு வேகமாக வந்திருக்காது. ஆறு நிமிடம் மிச்சமிருந்தது.

கடைசியாக வந்தவர் பரஞ்சோதி. வெள்ளை உடையெல்லாம் சாம்பல் நிறம். புருவத்தில் தூசி, மீசையில் தூசி. ஒரு காதைப் பொத்திக்கொண்டு எச்சிலை விழுங்கினார், மறுபடி விழுங்கினார்.

கூடத்தில் யாரோ வாய் திறக்கப் போனார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க அறுநூறு பேருக்கும் நாக்கு துடித்தது.

"யாரும் கேக்கக் கூடாது," என்றாள் மாதரசி. "அந்தக் கேள்விய இந்த ஊர்ல இனிமே யாரும் யாரையும் கேக்கக் கூடாது."

பரஞ்சோதி பழக்கதோஷத்தில் வாசலிலேயே நின்றார், உதறி வந்து அறையட்டும் என்று. அது அணைந்து கிடந்தது. இன்பராசு அவர் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு கதிர்த்தடுப்புக் கதவைச் சாத்தினான்.

புயல் ஐந்து மணி நேரம் அடித்தது. மூன்றாவது மணியில் பரஞ்சோதி தண்ணீர் மேசைக்கு வந்தார். ஓடிய ஓட்டத்தில் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"பையில இருந்தா ஒண்ணு குடும்மா," என்றார் தணிந்த குரலில்.

"பை கிடையாது சார். போன வாரமே நிறுத்திட்டேன். டம்ளர்தான். எல்லாரும் குடிச்ச டம்ளர்." மாதரசி நிறைய ஊற்றி நீட்டினாள். "இப்பவாவது தாகம் எடுத்துச்சே."

பரஞ்சோதி வாங்கிக்கொண்டார். அக்கம்பக்கம் பார்த்தார். தொள்ளாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய தாத்தாவின் தாத்தா பூமியில் ஏதோ ஒரு தெருவில் ஏதோ ஒரு வீட்டில் எப்படிக் குடித்தாரோ, அந்த ஞாபகம் கைக்கு எப்படி வந்ததோ தெரியவில்லை. டம்ளரைத் தலைக்கு மேலே தூக்கினார். அண்ணாந்தார். உதடு படாமல் ஊற்றினார்.

தண்ணீர் அவசரப்படாமல் இறங்கியது. ஒரு பெரிய உருண்டையாக ஆடிக்கொண்டே வந்து மூக்கின் மேல் உட்கார்ந்தது, உடைந்தது, முகம் முழுக்கப் பரவியது. தூசியோடு சேர்ந்து சேறாயிற்று. பின்னால் நின்ற சிலைக்கும் அவர் முகத்துக்கும் நிறத்தில் வித்தியாசம் தெரியவில்லை. இருமி, தும்மி, கண்ணைத் திறந்தார். தொண்டைக்கு ஒரு சொட்டுகூடப் போகவில்லை.

மாதரசி டம்ளரை வாங்கி மறுபடி நிரப்பினாள்.

"வாய வச்சுக் குடிங்க சார்," என்றாள். "நான் நிறுத்தாம ஊத்துவேன்."